ஊசியில் போன இன்சுலினுக்குக் காது கிடையாது

சாயப்பட்டறையின் தகரக் கதவைச் சாத்திவிட்டுத் தெருவில் இறங்கி நடந்துகொண்டிருந்தேன். கோபம் எதுவும் இல்லை. முதலாளி திட்டவில்லை, கூலியில் தகராறும் இல்லை. கொதிக்கிற தொட்டிக்கு மேல் பட்டு நூலைக் கழியில் போட்டுத் திருப்பிக்கொண்டே நிற்கிற வேலை அது. எனக்கு நிற்பது ஒத்துவராது. முந்தின நாளே சொல்லிவிட்டேன், விடிவதற்கு முன்பே கிளம்பிவிட்டேன். தோளில் ஒரு பை, அதில் இரண்டு சட்டையும் ஒரு போர்வையும். இரண்டு கையும் மணிக்கட்டு வரை அரக்குச் சிவப்பு. அந்தச் சாயம் கழுவினால் போகாது, தோல் உரிந்து புதுத் தோல் வந்தால்தான் போகும்.

எங்கே போகிறேன் என்று எனக்கே தெரியாது. ஆரணி பஸ் ஸ்டாண்டில் முதலில் எந்த வண்டி கிளம்புகிறதோ அதில் ஏறுவது என்று நினைத்திருந்தேன். அதுவரைக்கும் என் பிழைப்பு அப்படித்தான் ஓடியது. தேவிகாபுரத்துப் பக்கம் நிலம் இல்லாத கூலி வீட்டில் பிறந்தேன். ஒன்பதாவதில் பள்ளிக்கூடத்தை விட்டேன். தெள்ளாரில் நெல் மிஷின், பெங்களூரில் ஓட்டல், வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் ஒப்பந்த வார்டு ஆள், பிறகு இந்தப் பட்டறை. எங்கேயும் யாரும் என்னைத் துரத்தவில்லை. நானேதான் போய்க்கொண்டிருந்தேன்.

புதிதாக இந்த வேலைக்கு வந்திருக்கிற உங்களிடம் இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், வீடு வீடாகப் போய்ச் சர்க்கரை பார்க்கிற இந்த வேலையில் நான் கற்ற முக்கியமான பாடம், இந்த வேலைக்கு வருவதற்கு முந்தின நாள் கற்றது. விரல் நுனியில் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தைப் பட்டையில் வைத்து, எண்ணைப் பார்க்க உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. அதை அரை நாளில் கற்றுக்கொள்வீர்கள். கையில் மெஷினே இல்லாத நேரத்தில் என்ன முடிவு எடுப்பது என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

பஸ் ஸ்டாண்டுக்குக் குறுக்கு வழி நெசவுக்காரர் தெரு ஒன்றின் வழியாகப் போகும். அன்றைக்கு அங்கே பாவு நீட்டியிருந்தார்கள். உங்களில் வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு புடவைக்கு நீளவாக்கில் ஓடுகிற அத்தனை பட்டு இழையையும் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, இரண்டு பக்கமும் ஆள் நின்று, இழைகளுக்கு நடுவே குச்சி கொடுத்துப் பிரித்து, அறுந்ததை முடிந்து, கஞ்சி பூசிச் சுருட்ட வேண்டும். வெயிலும் காற்றும் வருவதற்குள் முடிக்க வேண்டும். ஒரு வீட்டுப் பாவுக்குத் தெருவே வரும். அதற்குக் கூலி கிடையாது. இன்றைக்கு இவர் வீட்டுப் பாவுக்கு அவர் வந்தால், நாளைக்கு அவர் வீட்டுக்கு இவர் போவார். அதனால்தான் நடுவில் ஒருவன் குச்சியை வைத்துவிட்டு, நான் சாப்பிட்டுவிட்டு வருகிறேன் என்று சொல்ல முடியாது. அப்படிச் சட்டம் ஒன்றும் இல்லை. யாருக்கும் வாய் வராது, அவ்வளவுதான்.

பாவின் தலைமாட்டில் ஒரு தட்டில் வாழைப்பழமும் வெல்லமும் வைத்துக் கற்பூரம் ஏற்றியிருந்தார்கள். பாவைச் சுருட்டி முடித்த பிறகுதான் அதை எடுத்துப் பங்கு போடுவார்கள்.

நான் ஓரமாக ஒதுங்கிப் போனேன். நடுப் பாவில் குச்சி பிடித்துக்கொண்டிருந்த ஆள் தள்ளாடினார். ஐம்பது வயது இருக்கும். பாவுக்குச் சொந்தக்காரர் எதிர்ப்பக்கத்தில் இருந்து கத்தினார். அவர் பெயர் பாபு என்று பிறகு தெரிந்தது.

“இன்னா தசரதா, விடியறதுக்குள்ளயே ஏத்திகினு வந்துட்டியா? குச்சிய நேரா புடிய்யா!”

“போடா டேய்! நீ எனக்குக் குச்சி புடிக்கச் சொல்லித் தர்றியா? உங்கொப்பனுக்கே நான்தான்டா சொல்லிக் குடுத்தேன்!”

தெருவில் இரண்டு பேர் சிரித்தார்கள். மற்றவர்கள் சிரிக்கவில்லை. ஒரு பெண், “அவுரு வாயில இப்டி ஒரு பேச்சு வந்து நான் கேட்டதே இல்லியே” என்றாள்.

நான் தாண்டிப் போய்விட்டேன். சில அடி போன பிறகுதான், கண்ணில் பட்ட ஒன்று மனசில் ஏறியது. அது மார்கழி மாதம். நான் வாயைத் திறந்தால் புகை வருகிறது. தெருவில் பாதிப் பேர் தலையில் துண்டு கட்டியிருக்கிறார்கள். அந்த ஆளின் பனியன் மட்டும் முதுகோடு ஒட்டி நனைந்திருந்தது.

வேலூர் ஆஸ்பத்திரியில் நான் தள்ளுவண்டி தள்ளியவன். மருந்து தெரியாது. ஆனால் அந்த வார்டில் ஒரு நர்ஸ் இருந்தார். யாராவது நோயாளி திடீரென்று சண்டை போட்டால், திட்டினால், அவர் கோபப்பட மாட்டார். நேராகப் போய் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார். ஈரமாக இருந்தால் ஓடிப் போய் குளுக்கோஸ் எடுத்து வருவார். ஒரு தடவை நான் கேட்டபோது, “சக்கரை ஏறினா நமக்கு யோசிக்க நேரம் இருக்கும்பா. எறங்கினா இருக்காது” என்றார். அவர் பெயர்கூட எனக்கு ஞாபகம் இல்லை. அந்த ஒன்றுதான் ஞாபகம் இருந்தது.

திரும்பினேன். அதற்குள் தசரதன் கீழே உட்கார்ந்துவிட்டார். குச்சியை வேறு யாரோ வாங்கிக்கொண்டார்கள். உள்ளே இருந்து அவர் மனைவி சரளா ஓடி வந்தார். ஒரு கையில் மண் சட்டி, இன்னொரு கையில் ஊசி. வீட்டில் ஃபிரிட்ஜ் இல்லாதவர்கள் இன்சுலின் பாட்டிலை ஈர மணல் போட்ட சட்டியில் வைத்திருப்பார்கள், பார்த்திருப்பீர்கள்.

“காலைல ஊசி போட்டுக்க மறந்துட்டாரு போலக் கீது. சக்கர ஏறிகினுதான் இப்டி ஒளர்றாரு. கொஞ்சம் புடிச்சிக்கோங்க, போட்டு வுட்டுர்றேன்.”

“அம்மா, போடாதீங்க” என்றேன்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பாபு வந்து எதிரில் நின்றார்.

“நீ யாருய்யா?”

“பட்டறையில சாயம் போடறவன்.”

“சாயம் போடறவனுக்கு இங்க இன்னா வேல?”

“இதுக்கு முன்னால வேலூர்ல ஆஸ்பத்திரியில இருந்தேங்க.”

“டாக்டரா?”

“வண்டி தள்ளினேன்.”

ஒருவன் சிரித்துவிட்டான். எனக்கும் சிரிப்பு வந்திருக்கும், வேறு நேரமாக இருந்தால். சரளா ஊசியில் மருந்தை இழுத்துக்கொண்டிருந்தார்.

இங்கேதான் கவனியுங்கள். எனக்கு நிச்சயமாகத் தெரியாது. சர்க்கரை இறங்கியிருக்கிறது என்று என்னிடம் இருந்த ஆதாரம் ஒரு நனைந்த பனியன். அந்தம்மா சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஊசி மறந்தால் சர்க்கரை ஏறும், ஏறினால் ஆள் மயங்குவதும் உண்டு. இரண்டில் எது என்று மெஷின் இல்லாமல் யாராலும் சத்தியம் பண்ண முடியாது. அப்போது எது சரி என்று கேட்டுக்கொண்டு நிற்பதில் பிரயோஜனம் இல்லை. எந்தத் தப்பைத் திருத்த முடியும் என்று கேட்க வேண்டும். சர்க்கரை ஏறியிருக்கிற ஆளுக்கு நான் ஒரு துண்டு வெல்லம் கொடுத்துவிட்டால் இன்னும் கொஞ்சம் ஏறும், ஆஸ்பத்திரியில் இறக்கிக்கொள்வார்கள். இறங்கியிருக்கிற ஆளுக்கு இன்னொரு ஊசி போட்டுவிட்டால்? அதைத் திருப்பி எடுக்க யாராலும் முடியாது.

இதை அப்போது இவ்வளவு ஒழுங்காக நான் சொல்லவில்லை. “அம்மா, நான் சொல்றது தப்பா இருந்தா அப்புறமா ஊசி போட்டுக்கலாம். நீங்க பண்றது தப்பா இருந்தா அப்புறமா எடுக்க முடியாதுங்க” என்றேன். “மொதல்ல கொஞ்சம் சக்கர குடுங்க.”

“சக்கரயா?” பாபு தலையில் அடித்துக்கொண்டார். “அவனுக்குச் சக்கர வியாதிய்யா!”

“எங்க ஊட்ல சக்கரயே கெடயாது” என்றார் சரளா. “டப்பாவக் கழுவிக் கவுத்து எத்தினி வருசம் ஆச்சி.” ஆனால் ஊசி நின்றுவிட்டது.

யாரோ, “கஞ்சி கீதே, அத்தக் குடுக்கலாமா?” என்றார்கள். பாவுக்குப் பூசுகிற கஞ்சி. இன்னொருவர், “பாவு மாதிரி வெறச்சிகினு கெடக்கவா?” என்றார். அந்த நிலையிலும் ஒரு ஆள் வேடிக்கை பேசத்தான் செய்வான். அதற்காகக் கோபித்துக்கொள்ளாதீர்கள், பயத்தில் வருவது அது.

நான் தலைமாட்டுத் தட்டைக் காட்டினேன்.

“பாவு சுருட்டாம அத்தத் தொடக்கூடாது” என்று பாபு சொன்னார். ஆனால் அதைச் சொல்லும்போதே அவர் குரல் இறங்கிவிட்டது. சரளா புருஷன் முகத்தைப் பார்த்தார். ஊசியைப் பார்த்தார். பிறகு ஊசியைச் சட்டிக்குள் வைத்துவிட்டு நேராகப் போய் வெல்லக் கட்டியை எடுத்து வந்தார். முடிவு எடுத்தது நான் இல்லை, அவர்தான். நாம் எவ்வளவு சொன்னாலும் வீட்டுக்காரர்கள்தான் முடிவு எடுக்க வேண்டியிருக்கும். அவர்களுக்கு விளங்குகிற மாதிரி சொல்வது மட்டும்தான் நம் வேலை.

வெல்லத்தை நுணுக்கித் தண்ணீரில் கரைத்தோம். கொடுப்பதற்கு முன்னால் நான் அவர் கன்னத்தைத் தட்டி, “முழுங்க முடியுதா?” என்று கேட்டேன். “முடியுதுடா” என்று திட்டுகிற மாதிரி சொன்னார். அந்தத் திட்டு எனக்குச் சந்தோஷமாக இருந்தது. முழுங்க முடியாத ஆளுக்கு, நினைவு இல்லாத ஆளுக்கு, வாயில் எதையும் ஊற்றக்கூடாது, மூச்சுக்குழாயில் போய்விடும். அப்படிப்பட்ட ஆளை ஒருக்களித்துப் படுக்கவைத்து ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும். இவர் மடக்கு மடக்காகக் குடித்தார்.

காத்திருந்தோம். அந்த நேரம் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. தெருவில் மேலும் கீழும் நடந்தேன். பாவு நடுவில் தொங்கிக்கொண்டிருந்தது. கிழக்கே வெளிச்சம் ஏறிக்கொண்டிருந்தது. பாபு ஒரு கண்ணைப் பாவிலும் ஒரு கண்ணைத் தசரதனிலும் வைத்துக்கொண்டு நின்றார். பாவம், அவருக்கும் பேஜார்தான். வெயில் ஏறினால் பட்டு காய்ந்து அறுந்துவிடும்.

தசரதன் நிமிர்ந்து உட்கார்ந்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டார். “இன்னா, எல்லாரும் என்னையே பாத்துகினு நிக்கிறீங்க? பாவு இன்னா ஆவறது?” என்றார்.

“ஊசி போட்டுக்க மறந்துட்டீங்களா?” சரளா கேட்டார்.

“போட்டுகினேனே! பாபு கூப்ட்டான், ஜல்தியா தொடையில குத்திகினு வந்துட்டேன். நீ கொழாயாண்ட தண்ணி புடிச்சிகினு இருந்த.”

சரளா அப்படியே வாசற்படியில் உட்கார்ந்தார். சட்டியை மடியில் வைத்து இரண்டு கையாலும் மூடிக்கொண்டார்.

பிரச்சினை முடிந்தது என்று நினைத்தேன். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினேன். யாரும் நன்றி சொல்லவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. தெரு முனையில் ஒரு டீக்கடை. அங்கே நின்று ஒரு டீ சொன்னேன். தூரத்தில் பஸ் ஹாரன் கேட்டது. கால் பரபரத்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் இட்லி அடுக்கியிருந்தார்கள். அதைப் பார்த்ததும் வேலூர் வார்டு ஞாபகம் வந்தது. குளுக்கோஸ் குடித்து எழுந்து உட்கார்ந்து சிரித்த ஒரு ஆள், கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் சாய்ந்தார். நர்ஸ் எங்கள் எல்லோரையும் திட்டினார். இவரை எழுப்பினீர்களே, சோறு போட்டீர்களா என்று.

இப்போது எனக்கு இதன் காரணம் தெரியும். உங்களுக்கும் தெரிய வேண்டும். நன்றாக இருக்கிற உடம்பில், நாம் சாப்பிட்டதும் கணையம் இன்சுலினைச் சுரக்கும். அது ரத்தத்தில் இருக்கிற சர்க்கரையைத் தசைக்குள்ளும் ஈரலுக்குள்ளும் அனுப்பும். சர்க்கரை குறைந்ததும் கணையம் இன்சுலினை நிறுத்திவிட்டு, குளுக்ககான் என்கிற இன்னொரு ஹார்மோனை அனுப்பும். அது ஈரலைத் தட்டி, சேர்த்துவைத்ததைக் கொஞ்சம் வெளியே விடு என்று சொல்லும். அதற்கும் மேலே ஆபத்து என்றால் அட்ரினலின் வரும். வியர்வை, நடுக்கம், நெஞ்சு படபடப்பு எல்லாம் அதன் வேலை. எனக்குச் சாப்பாடு கொடு என்று உடம்பு போடுகிற சத்தம் அது. ஆக, உடம்பே சுரக்கிற இன்சுலினுக்குக் காது உண்டு. போதும் என்றால் நிற்கும். ஊசியில் போனதற்குக் காது கிடையாது. நீ சாப்பிட்டாயா, பாவு பிடித்துக்கொண்டு நிற்கிறாயா, எதுவும் அதற்குத் தெரியாது. போட்ட அளவு தீருகிற வரைக்கும் சர்க்கரையை இறக்கிக்கொண்டே இருக்கும். வெல்லம் கொஞ்ச நேரத்துக்குத் தாங்கும். பிறகு சோறு வேண்டும்.

டீயைக் குடிக்காமல் இட்லியைப் பொட்டலம் கட்டச் சொல்லி வாங்கிக்கொண்டு திரும்பி ஓடினேன்.

நினைத்த மாதிரியே தசரதன் மறுபடியும் குச்சியைப் பிடித்துக்கொண்டு நின்றார். இந்த முறை திட்டவில்லை. பேசவே இல்லை. உதடு வெளுத்திருந்தது. கண் பாவில் இல்லை, எங்கேயோ இருந்தது.

“இத்தத் துன்னுங்க மொதல்ல” என்றேன்.

“இன்னும் கொஞ்சந்தான் கீது. சுருட்டிட்டுத் துன்றேன்.”

“சுருட்டறதுக்குள்ள நீங்க சுருண்டுடுவீங்க.”

“பாபு ஊட்டுப் பாவுய்யா. போன தபா என் பாவுக்குக் காய்ச்சலோட வந்து நின்னவன் அவன். நான் எப்டி உட்டுட்டுப் போறது?”

அவர் சொன்னது நியாயம். அந்த நியாயம்தான் அவரைக் கொல்லப் பார்த்தது. நான் குச்சியை அவர் கையில் இருந்து வாங்கப் போனேன். பாபு அலறினார்.

“யோவ், யோவ்! கையப் பாருய்யா! எளம் மஞ்சப் பாவு அது! செவப்பு ஒட்டிகினா யாரு கட்டுவா அந்தப் பொடவைய?”

கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். அவர் சொன்னதும் சரிதான். உயிர் போகிற நேரத்திலும் ஒருவர் தன் பட்டைப் பார்க்கிறார் என்று நீங்கள் நினைக்கலாம். அந்தப் புடவைதான் அவர் வீட்டுச் சோறு. நம் வேலையில் யாரையும் சட்டென்று கெட்டவர் என்று எழுதிவிடாதீர்கள்.

அப்போது சரளா எழுந்து வந்தார். சட்டியைப் பக்கத்து வீட்டுப் படியில் வைத்தார். புருஷன் கையில் இருந்து குச்சியை உருவித் தான் பிடித்துக்கொண்டார்.

“போய் துன்னுங்க” என்றார். பிறகு தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார்: “அவுரு துன்னாமக் குச்சி புடிச்சா, நான் இந்தத் தெருவுல எந்தப் பாவுக்கும் இனிமே வர மாட்டேன்.”

தசரதன் படியில் உட்கார்ந்து இட்லி தின்றார். முதல் இட்லி இறங்க ரொம்ப நேரம் ஆனது. நான் பக்கத்தில் நின்றேன். பாபு பாவை அப்படியே மடக்கிச் சுருட்டச் சொன்னார், மிச்சத்தை மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று. பிறகு அவரே போய் ஒரு ஆட்டோ பிடித்து வந்தார்.

“ஏன் எறங்குச்சின்னு தெரியணும். டாக்டராண்ட போயிட்டு வாங்க” என்று நான் சரளாவிடம் சொன்னேன். அவர்கள் போகிற கிளினிக் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கம் என்றார்கள். அதனால்தான் நானும் அந்த ஆட்டோவில் ஏறினேன். வேறு பெரிய காரணம் இல்லை.

கிளினிக்கில் மூத்த நர்ஸம்மா ஒருவர் இருந்தார். விரலில் குத்திப் பார்த்தார். இட்லிக்குப் பிறகும் எண் குறைவாகத்தான் இருந்தது. இன்னும் குடிக்கக் கொடுத்துவிட்டு, அவர் கேட்ட கேள்விகளை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. எவ்வளவு மருந்து என்று அவர் முதலில் கேட்கவில்லை.

“ராத்திரி இன்னா சாப்ட்டீங்க?”

“சரியா துன்னலீங்க. தறியில இருந்தேன். கொஞ்சம் கஞ்சி.”

“ஊசி எங்க குத்திகினீங்க?”

“தொடையிலீங்க.”

“அதுக்கப்புறம்?”

“ஒண்ணும் துன்னலீங்க, பாவு நெடுக நடந்துகினே இருந்தேன்.”

“மத்த நாள்ல?”

“குத்திகினு, துன்னுட்டு, நேரா தறிக் குழியில எறங்கிக் கால் பலகைய மிதிப்பேன்.”

நர்ஸம்மா பேனாவை வைத்துவிட்டார். “வேல செய்யிற கால்ல குத்தினா மருந்தும் சேந்து வேல செய்யும்ங்க. ரத்தம் அங்க வேகமா ஓடும், மருந்தும் ஜல்தியா ஏறும்” என்றார். “ராத்திரி துன்னாததால ஈரல்ல சேத்து வெச்சதும் கம்மி. ரொம்ப வருசமாச் சக்கர இருக்கிறவங்களுக்கு, எறங்கும்போது ஈரலத் தட்டற ஹார்மோனும் சரியா வராது. எல்லாம் ஒண்ணா சேந்துகிச்சி.”

டாக்டர் வந்து மருந்தின் அளவை மாற்றினார், வயிற்றில் போட்டுக்கொள்ளச் சொன்னார், இடத்தை மாற்றி மாற்றிக் குத்தச் சொன்னார். அளவு அவர் விஷயம். நீங்களும் நானும் அதில் கை வைக்கக்கூடாது. ஆனால் தொடை, தறிக் குழி, தெருப் பாவு இதெல்லாம் டாக்டர் மேசைக்குத் தானாக வந்து சேராது. பல வருஷமாக அந்த ஆள் கிளினிக்குக்கு வந்துபோகிறார். எந்தக் காலில் மிதிக்கிறாய் என்று யாரும் கேட்டதில்லை, அவருக்கும் சொல்லத் தோன்றவில்லை. நாம்தான் தெருவில் போய்ப் பார்த்துக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும்.

எண்ணை மட்டும் பார்த்தால் என்ன ஆகும் என்பதற்கு இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பின்னாளில் ஒரு லாரி டிரைவர் வீட்டுக்குப் போய்வந்தேன். ராத்திரி படுக்கும்போது எண் நன்றாக இருக்கும், காலையில் வெறும் வயிற்றில் ஏறியிருக்கும். அவர் மனைவி நம்பவே இல்லை. “ராத்திரி எழுந்து திருட்டுத்தனமா துன்றாருங்க, நான் பருப்பு டப்பாவுல பூட்டு போட்டுட்டேன்” என்றார். அந்த ஆள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “சத்தியமா ஒண்ணும் துன்னலீங்க, எம் பொண்டாட்டி என்னத் திருடன்னு சொல்றா” என்று அழாத குறையாகச் சொன்னார். அவர் சொன்னது உண்மை. விடியப் போகிற நேரத்தில் உடம்பு எழுந்திருக்கத் தயாராகும். கார்ட்டிசால் மாதிரி சில ஹார்மோன்கள் அப்போது ஏறி, ஈரலில் இருந்து சர்க்கரையை ரத்தத்துக்குள் விட்டுவிடும். சிலருக்கு ராத்திரித் தூக்கத்தில் சர்க்கரை ரொம்ப இறங்கி, அதை ஈடுகட்ட உடம்பே ஏற்றிவிட்டும் இருக்கலாம். அதனால் விடியற்காலையில் ஒரு தடவை எழுந்து பார்க்கச் சொன்னோம், டாக்டரிடம் அந்த எண்ணைக் கொடுத்தோம். அவர்கள் வீட்டில் பூட்டு கழன்றது. எண் பொய் சொல்லாது. ஆனால் எண்ணைப் பார்த்து நாம் மனுஷனைத் திருடன் ஆக்கிவிடலாம்.

சரி, அன்றைய கதைக்கு வருகிறேன். தசரதனையும் சரளாவையும் உட்காரவைத்துவிட்டு நர்ஸம்மா வெளியே வந்தார். நான் பையோடு பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றேன். போளூர் வண்டி ஒன்று கிளம்புவதற்கு முறுக்கிக்கொண்டிருந்தது.

“வெல்லம் குடுத்தது சரி. அப்புறம் எங்க போயிட்ட?” என்றார்.

“பஸ் புடிக்கலாம்னு.”

“நல்லாப் புடிச்ச போ. இட்லி ஞாபகம் வந்துச்சே, அதனாலதான் தப்பிச்சாரு.” கொஞ்சம் நிறுத்தி, “எங்க போற?”

“தெரியலீங்க.”

“இங்க வீடு வீடாப் போயி சக்கர பாத்துகினு இருந்தவன் நின்னுட்டான். நாளைக்கிக் காலைல வர்றியா?”

“நான் ஒரு எடத்துல நிக்க மாட்டேங்க. பத்தாவதுகூடப் போகல.”

“நிக்கறதுக்கு ஆள் கெடைக்கும்பா. எனக்கு நடக்கறதுக்குத்தான் ஆள் வேணும். மெஷினப் பாக்க நான் சொல்லித் தர்றேன்.” என் கையைப் பார்த்தார். “மொதல்ல சோப்பு போட்டுக் கழுவு.”

“அது போகாதுங்க.”

“சரி, அப்ப அப்டியே வா.”

போளூர் வண்டி போனது. அடுத்ததும் போனது. அன்று ராத்திரி பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் படுத்தேன். தூக்கம் வரவில்லை என்று பெரிதாகச் சொல்ல மாட்டேன், நன்றாகத் தூங்கினேன். விடிந்ததும் கிளினிக்கில் ஒரு சின்ன மெஷினும், பட்டை டப்பாவும், பஞ்சும், ஒரு பொட்டலம் குளுக்கோஸ் பொடியும் கொடுத்தார்கள். முதல் வீடு தசரதன் வீடு.

தெருவில் பாபு வீட்டுப் பாவு மறுபடியும் நீட்டியிருந்தது. இரண்டு பக்கமும் ஆள் நின்றுவிட்டார்கள். கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. ஆனால் இன்னும் யாரும் குச்சியை இழைக்குள் விடவில்லை. பாபு பாவின் தலைமாட்டில் நின்றுகொண்டு தெரு நீளத்துக்கும் கேட்கிற மாதிரி கூப்பிட்டார்.

“தசரதா! துன்னியா?”

வாசற்படியில் இருந்து தசரதன் இட்லி ஒட்டின கையை மேலே தூக்கிக் காட்டினார். பக்கத்தில் சரளா. சட்டி இன்சுலினோடு உள்ளே போயிருந்தது. தட்டில் இருந்த வெல்லத்தில் பாதியைக் காணோம். ஒரு துணியில் முடிந்து, நடுப் பாவில் தசரதன் நிற்கிற இடத்துக்குப் பின்னால் சுவரில் ஒரு ஆணியில் தொங்கவிட்டிருந்தார்கள்.

பாபு என்னைப் பார்த்துவிட்டார். “வாய்யா சாயக்காரரே! பாவ மட்டும் தொடாத. மத்ததெல்லாம் பாத்துக்கோ.”

நான் படியில் உட்கார்ந்து பையைத் திறந்தேன். மெஷினை வெளியே எடுக்கவில்லை. முதலில் கேட்டேன்: “எப்ப குத்திகினீங்க? எங்க குத்திகினீங்க? அப்புறம் எப்ப துன்னீங்க?”